வாரம் இரண்டு முறை போய்வர முடிகிற இடம்தான் நல்ல இடம்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பையனுக்கு இரண்டரை வயது, குறைமாதத்தில் பிறந்தவன், கழுத்து நின்றுவிட்டது, இன்னும் தனியாக உட்காரவில்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மூளை முடக்குவாதம், அதாவது சி.பி. என்று சொல்லியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அங்கேயே தனியார் தெரபிக்குப் போகிறார்கள், கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், கையில் காசு நிற்கவில்லை. சென்னைக்கே குடிபோய்விடலாமா, இல்லை நம் பக்கமே ஏதாவது உண்டா, அரசாங்கத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். தென்மாவட்டங்களில் இந்தக் குழந்தைகளோடு ரொம்ப காலமாக வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், சென்னைக்குக் குடிபோக வேண்டாம். மாதம் ஒருமுறை மதுரை போவதையும் தெரபி என்று கணக்கில் வைக்காதீர்கள், அது ஆலோசனை, அவ்வளவுதான். சி.பி. குழந்தைக்கு உடம்பு கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான், அதுவும் அவன் தானாகச் செய்ய முயல்வதால். மாதம் ஒரு நாள் முக்கால் மணி நேரம் ஒருவர் காலை நீட்டி மடக்கிவிட்டால், அந்தத் தெரபிஸ்ட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மிச்சமிருக்கும் 29 நாளும் குழந்தை படுத்தே கிடந்தான் என்றால் ஒன்றும் நடக்காது. அதனால் நான் எந்த இடத்தையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன். ஒரு பஸ்ஸில், வேலை ரொம்பக் கெடாமல், வாரம் இரண்டு முறை போய்வர முடியுமா? போகாத நாட்களில் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லித் தருகிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, போங்கள்.

உங்கள் ஊரிலிருந்து அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. தேசிய அளவில் ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு திட்டம் 2013இல் தொடங்கியது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் குழந்தைகளைப் பரிசோதிப்பார்கள். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வண்டியில் ஒரு குழு வர வேண்டும். அவர்கள் கண்டுபிடித்த குழந்தைகளை அனுப்புவதற்காக மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் வைத்திருப்பதுதான் டி.இ.ஐ.சி., போர்டில் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் என்று எழுதியிருக்கும். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர், கண் பரிசோதகர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், சில இடங்களில் ஒரு பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அதனால் முதல் தடவை போகும்போதே எந்தக் கிழமை யார் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கன்வாடி டீச்சரோ கிராம சுகாதார செவிலியரோ சீட்டு எழுதிக் கொடுத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நேராகப் போகலாம்.

நம் பக்கத்துக்கு இன்னொரு அதிர்ஷ்டம் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள ஆய்க்குடி. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் அமர் சேவா சங்கம் 1981இல், அதாவது ஐ.நா. சபை ஊனமுற்றோருக்கான ஆண்டாக அறிவித்த அதே வருடம், எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. அவரே கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வில் 1975இல் அடிபட்டவர், 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே பெரிய வளாகம், பள்ளி எல்லாம் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு முக்கியமானது அவர்களுடைய ஊர்ப் பணியாளர்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கையில் ஒரு டேப்லெட் கணினியோடு வீடு வீடாக அனுப்புகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை அதில் பதிவார்கள், பிசியோவும் பேச்சுப் பயிற்சியாளரும் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள். வீட்டுக்கே வருகிறவருக்கு உங்கள் வீட்டுத் திண்ணை தெரியும், அடுப்படி தெரியும், மாமியார் குழந்தையை எப்படித் தூக்குகிறார் என்றும் தெரியும். மதுரையில் ஏசி அறையில் இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. உங்கள் கிராமம் அவர்கள் எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது, பள்ளிக் கல்வித் துறை. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம், அதாவது பி.ஆர்.சி. இருக்கும், அங்கே சிறப்பாசிரியர்களும் பிசியோவும் இருப்பார்கள். குழந்தை பள்ளி வயதுக்கு வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், தமிழ்நாட்டில் பிறந்ததிலிருந்தே பதிவு செய்கிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. பி.ஆர்.சி.யில் நடக்கும் மருத்துவ முகாமுக்கு டாக்டர்களே வருவதால் சான்றிதழ், உபகரண அளவெடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் முடியும். பஸ் ஏறி அலைவது பாதி மிச்சம்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதில் வீட்டுக்கு வந்து கொடுக்கும் பிசியோ சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குழந்தைகளோடு பழக்கமில்லாத பிசியோவாக இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஆனால் சேர்த்துக்கொள்ளலாம்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கிடையாது. 2021 முதல் இப்படித்தான். நான் பார்த்த வரையில் குழந்தைகள் தெரபிக்கு விடாமல் வருவதற்கு எந்தத் தெரபி முறையையும்விட இந்தப் பஸ்தான் அதிகம் உதவியது. கணவரிடம் நூறு ரூபாய் கேட்காமல் ஒரு அம்மா வீட்டை விட்டுக் கிளம்ப முடிவது சின்ன விஷயம் இல்லை.

சரி, பேப்பர் வேலை. இதில்தான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள், ஆனால் வரிசை தெரிந்தால் அவ்வளவு கஷ்டமில்லை. முதலில் குழந்தைக்கு ஆதார். 5 வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோர் ஆதாரை வைத்தே கொடுத்துவிடுவார்கள், 5 வயதானதும் கைரேகை பதிய மறக்க வேண்டாம். அடுத்தது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துவிட்டு, மருத்துவமனையில் சான்று கொடுக்கும் நாளில் குழந்தையோடு போக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன, சி.பி. அதில் ஒன்று. பெரும்பாலான உதவிகளுக்குச் சான்றில் 40 சதவீதப் பாதிப்பு என்று இருக்க வேண்டும். இந்த வயதில் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும், பிறகு புதுப்பிக்கச் சொல்வார்கள், அதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம், வளரும் குழந்தைக்கு அதுதான் நியாயம். ஒன்று மட்டும் கவனம். சி.பி.யோடு புத்தி வளர்ச்சித் தாமதம், பார்வை, காது இவற்றில் குறை இருந்தால் அதையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். கை கால் மட்டும் பார்த்து ஏதோ ஒரு குறைந்த சதவீதம் போட்டு அனுப்பிவிட்டால் பின்னால் பல உதவிகளுக்கு அது குறுக்கே நிற்கும்.

அட்டை கையில் வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பராமரிப்பு உதவித்தொகை அங்கேதான். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ, அல்லது கடும் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் விண்ணப்பிக்கலாம். முந்தின பத்தியில் சதவீதத்தைப் பற்றி ஏன் அவ்வளவு சொன்னேன் என்பது இப்போது புரியும். சி.பி. குழந்தைகளுக்கான சிறப்பு நாற்காலி, சக்கர நாற்காலியும் இதே அலுவலகம் வழியாகத்தான் வரும். அளவெடுக்காமல் கொடுக்கும் நாற்காலியை வாங்காதீர்கள். இலவசம்தானே என்று வாங்கி, உள்ளே குழந்தை சரிந்து தொங்கிக்கொண்டிருக்க, கடைசியில் துணி காயப்போட மட்டும் பயன்படும் நாற்காலிகளை எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று.

காப்பீட்டில் இரண்டு இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை, இதில்தான் செய்கிறார்கள், அதற்கு 6 வயதுக்குள் போக வேண்டும் என்பதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்கும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று நிராமயா. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துவது. ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் ரூபாய் வரை. இதில் விசேஷம், ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் தெரபிக்கும் மருந்துக்கும்கூடப் பணம் திரும்ப வாங்கலாம், சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் கேட்பதில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. நீங்கள் இதுவரை மதுரையில் கட்டிய பில்லுக்கு வராது, சேர்ந்த பிறகு ஆகும் செலவுக்குத்தான். ஒவ்வொரு பில்லின் மூலத்தையும் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு சேர்த்து வையுங்கள். வருடா வருடம் புதுப்பிக்காமல் விட்டால் போச்சு, மார்ச் மாதமே நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகத்திலும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஒரு பைல் போடுங்கள், அதில் பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ ஒரு டஜன், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். விண்ணப்பம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மூன்று மாதமாகியும் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள், மனு எழுதிக் குழந்தையோடு போய் நில்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்போது வீட்டில். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். உட்காரவில்லை என்பதால் நாள் முழுக்கப் படுக்க வைக்காதீர்கள், இடுப்பில் தூக்கிக்கொண்டே திரியவும் வேண்டாம். சுவரின் மூலையில், பின்னால் சாய்வும் இரண்டு பக்கமும் தாங்கலும் இருக்கும்படி உட்கார வைக்கலாம். உள்ளூர்த் தச்சரிடம் சொன்னால் மூலை நாற்காலி, முன்னால் ஒரு பலகை, கால் வைக்க ஒரு கட்டை என்று பழைய மரத்திலேயே செய்து தருவார், அளவை மட்டும் பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க வைக்கும் மரச்சட்டமும் அப்படியே. சாப்பாடு, விளையாட்டு, கதை எல்லாம் அந்த நாற்காலியில் நடந்தால் அதுவே தெரபி, தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு சாமான் எடுக்க அவன் கை நீட்டினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். தாத்தா பாட்டியை இதற்குச் சம்மதிக்க வைப்பது கஷ்டம், தெரியும்.

சாப்பாடு கொடுக்கும்போது படுக்க வைத்து வாயில் ஊற்றவே வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் லேசாக முன்னால் இருக்க, சின்ன ஸ்பூனில், தண்ணீராக இல்லாமல் கெட்டியான கூழாக, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். சத்துமாவு, பருப்பு, முட்டை, நெய் என்று எடை ஏறும்படி கொடுங்கள். எடை ஏறாத குழந்தைக்கு எந்தத் தெரபியும் பலன் தராது. ஒவ்வொரு வேளையும் இருமலும் புரையேறலும் அடிக்கடி சளியுமாக இருந்தால் சாப்பாடு நுரையீரலுக்குள் போகிறதோ என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசியை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

இடுப்பு எலும்பு எக்ஸ்ரே. இதை நிறைய இடத்தில் சொல்வதே இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளராது, ஆனால் இறுகின தசை இழுத்து இழுத்து இடுப்பு மூட்டு மெல்ல நழுவும், சி.பி. குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது நடக்கிறது, நடக்காத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வலிக்காது, வலிக்கும்போது காலம் கடந்திருக்கும். உங்கள் பையனுக்கு இரண்டரை வயது, இதுவரை எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே அரசு மருத்துவமனை எலும்பு டாக்டரிடம் கேட்டு எடுங்கள், அப்புறம் அவர் சொல்கிற இடைவெளியில் தொடருங்கள். கண்ணும் காதும் ஒரு முறை முறையாகப் பரிசோதிக்க வேண்டும், குறைமாதக் குழந்தை என்பதால் கட்டாயம்.

நடப்பானா என்று கேட்கவில்லை, ஆனால் எழுதின விதத்தில் தெரிகிறது. 2 வயதுக்குள் தனியாக உட்கார்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு விதத்தில் நடக்கிறார்கள். அதற்குப் பிறகு உட்காரும் குழந்தைகளில் சிலர் பிடிமானத்தோடு நடப்பார்கள், சிலருக்குச் சக்கர நாற்காலிதான். அதனால் எல்லாப் பணத்தையும் பலத்தையும் கால்மேலேயே போட வேண்டாம். வேண்டும், வேண்டாம் என்று அவனால் சொல்ல முடிகிறதா, கண்ணாலோ கையாலோ படத்தைத் தொட்டோ? பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள். பேச்சு வராத குழந்தைக்குப் படம் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்பார்கள், அது உண்மையில்லை.

கால் பிடித்து நடக்க வைக்கிறோம் என்று சொல்லி வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் வருவார்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது கெடுதல் இல்லை, குழந்தைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அது சிகிச்சை இல்லை. முறுக்கி இழுத்தால் வேண்டவே வேண்டாம், இந்தக் குழந்தைகளுக்கு எலும்பு பலம் குறைவு. ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள், சி.பி.க்கு அது நம் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நிலத்தை விற்றுப் போன குடும்பங்கள் உண்டு. வேறு டாக்டர் சொன்ன வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வைத்தியரிடமிருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

3 வயதானதும் அங்கன்வாடி. சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் சொல்ல முடியாது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையே 2023 நவம்பரில் வந்துவிட்டது. அந்த மூலை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போடுங்கள், டீச்சருக்கு எப்படி ஊட்டுவது என்று நீங்களே காட்டுங்கள். மற்ற பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் இருந்தால் போதும், உங்களுக்கும் அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கும். உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, தூக்கமில்லாமல் இருக்கிறது, அழுகை வருகிறது என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். டி.இ.ஐ.சி. வராந்தாவில் காத்திருக்கும் அம்மாக்களோடு பேசுங்கள், எந்தக் கிளார்க் எந்த நாள் வருவார் என்பதிலிருந்து எந்த ஸ்பூன் நல்லது என்பது வரை அவர்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது.

மதுரையை முழுக்க விட வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டாக்டரிடம் காட்டி, இங்கே செய்வது சரிதானா என்று கேட்டு வாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். அவனுக்கு எப்போதாவது வெட்டு, அதாவது வலிப்பு, வந்திருக்கிறதா, கண் சொருகி ஒரு நொடி உறைந்து நிற்பதும் அதில் சேர்த்தி. அப்புறம் கால் இரண்டும் கத்திரி மாதிரி குறுக்கே போகிறதா, இல்லை துவண்டு கிடக்கிறதா. வெட்டு இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குத்தான் டாக்டரிடம் போக வேண்டும், மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். எழுதுங்கள்.